எது கேட்டாலும் எண்டர்

மேனேஜர் ஸ்ரீராம் சார் இரண்டு தாள்களை என் பக்கம் தள்ளியபோது மணி பத்தேகால். மூன்று மணிக்குக் கமலக்கண்ணன் வந்துவிடுவார் என்று அதற்குள் நான்கு தடவை சொல்லிவிட்டார். கமலக்கண்ணன் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி இருக்கும் பெரிய வண்டிக் கம்பெனியின் தர ஆய்வாளர். அவர் வந்து பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால் எங்கள் பிராக்கெட் மறுபடி அங்கே போகும். போடாவிட்டால் தென்பெண்ணை பிரஸ்ஸிங்ஸில் எண்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எங்கள் பிராக்கெட் என்று எழுதிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு அப்போது உரிமை கிடையாது. நான் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஐந்து சின்னக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்து, அது மக்கர் பண்ணும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கிற தனி ஆள். பெயர் பூங்கொடி. வயது அப்போது இருபத்தெட்டு. கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், பொய்யில்லை.

முதல் தாள் என் சாஃப்ட்வேரே எழுதி வைத்த பதிவு. ஆயுத பூஜை அன்று காலை 11.52க்கு, பேக்கிங் கம்ப்யூட்டரில், "புதுத் தொடர் தொடங்கவா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று பதில் தந்திருக்கிறார்கள். பயனர்: முனிலட்சுமி. பேக்கிங்கில் அதை ஓட்டுகிற அக்கா. இரண்டாவது தாள் கமலக்கண்ணனுக்கான அறிக்கை. மூல காரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டர் தவறு" என்றும், எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் "ஆபரேட்டர் நீக்கப்பட்டார்" என்றும் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. அடியில் சாஃப்ட்வேர் பொறுப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அது மட்டும் காலி.

"போடுங்க, பூங்கொடி. முதலாளி பாக்கணும்னு காத்திருக்கார்," என்றார்.

நடந்தது என்னவென்றால், முதலாளிக்கு ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று பிரஸ்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்ததும், பேக் ஆகிற முதல் பெட்டிக்கு ஒன்றாம் நம்பர் போட வேண்டும். அதுவரை ஓடிய நம்பர் எத்தனை ஆயிரத்தில் இருந்தாலும் அன்றோடு சரி. அந்த முதல் பெட்டிக்குக் கற்பூரம் காட்டித்தான் லாரியில் ஏற்றுவார்கள். இதற்காகவே நான் சாஃப்ட்வேரில் ஒரு கேள்வி வைத்திருந்தேன். பூஜை நாளில் புரோகிராமைத் திறந்தால், புதுத் தொடர் தொடங்கவா என்று கேட்கும். "ஆம்" ஏற்கெனவே தேர்வாகி நிற்கும். எண்டர் தட்டினால் நம்பர் ஒன்றுக்குப் போய்விடும். ஒரு நாளில் ஒரு தடவைதானே திறப்பார்கள் என்று நினைத்தேன். ஓசூரில் இருந்துகொண்டு, இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து மின்வெட்டில், அப்படி நினைத்த மடச்சி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பூஜை அன்று பதினொன்றே காலுக்குக் கரண்ட் போயிற்று. அதற்குள் 212 பெட்டிக்கு நம்பர் லேபிள் ஒட்டியாகிவிட்டது. ஜெனரேட்டர் பிரஸ்களுக்கு மட்டும்தான். பேக்கிங் கம்ப்யூட்டரின் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. 11.50க்குக் கரண்ட் வந்தது, புரோகிராம் திறந்தது, கேள்வி கேட்டது, எண்டர் விழுந்தது. மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே தேதி, ஒரே நம்பரில் 212 ஜோடிப் பெட்டிகள் எல்லை தாண்டிப் போயின. போன வாரம் அங்கே 87ஆம் பெட்டியில் வெல்டிங் விரிந்த பிராக்கெட்டுகள் கிடைத்தன. பிரேக் பெடலைத் தாங்குகிற பிராக்கெட். எந்த ஷிப்டில் செய்தது என்று கேட்டார்கள். நம்மிடம் இரண்டு 87. அவ்வளவுதான், 424 பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேக்கிங் பெண்கள் மூன்று நாளாக ஒவ்வொரு பிராக்கெட்டையும் விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், முனிலட்சுமியக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"காலையில கூப்பிட்டுக் கேட்டேன். ஒத்துக்கிச்சு. யாராவது சொல்லித் தட்டினியாம்மான்னு ரெண்டு தடவ கேட்டேன். யாரும் சொல்லல சார், நானாத்தான் தட்டினேன்னுச்சு."

சொன்னது நான்.

பூஜை அன்று நான் கிருஷ்ணகிரி ரோட்டில் இன்னொரு கம்பெனியில் இருந்தேன். ஒரு கையில் பொரிப் பை, இன்னொரு கையில் அவர்களுடைய கெட்டுப்போன பிரிண்டர். போன் அடித்தது. "பூவு, கரண்ட்டு வந்துருச்சு. கம்ப்யூட்டரு என்னமோ கேக்குது. காலையில கேட்டதே திரும்பக் கேக்குது," என்றார் முனிலட்சுமி. நான் என்ன கேட்கிறது என்று கேட்கவில்லை. படித்துக் காட்டுங்கள் என்றும் சொல்லவில்லை. "எது கேட்டாலும் எண்டர் தட்டுங்கக்கா," என்று எரிந்து விழுந்து போனை வைத்தேன். அந்த அம்மா சந்தேகப்பட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். அந்தச் சந்தேகத்தை அமுக்கியது நான். கேள்வியைத் தப்பாக எழுதியதும் நான். இது உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஸ்ரீராம் சார் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத, கம்பெனி ஆட்கள் போடுகிற நீலக் கோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அதன் மேல் ஒரு அடையாள அட்டை. என் போட்டோ. என் பெயர். அதற்குக் கீழே, சிஸ்டம்ஸ்.

"கமலக்கண்ணன் இன்னொன்னும் கேட்டிருக்கார். சாஃப்ட்வேருக்கு வெளியாள வச்சு ஓட்டக் கூடாதாம். கம்பெனிக்குள்ளயே ஆள் வேணுமாம். திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க நம்ம ஆள். கம்பெனி பஸ்ஸுக்கும் சொல்லிட்டேன். ராயக்கோட்டை ரோட்டுல ஏறிக்கலாம்."

ஓசூர்க்காரர்களுக்குத்தான் இது புரியும். காலை ஆறரைக்கு எந்தப் பஸ் நிறுத்தத்திலும் போய்ப் பாருங்கள். நீலச் சட்டை ஒரு கூட்டம், சாம்பல் ஒரு கூட்டம், காக்கி ஒரு கூட்டம். அவரவர் வண்டி வரும், அவரவர் ஏறிப் போவார்கள். என் அப்பா மாடசாமி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தாறு வருஷம் சாம்பல் சட்டையில் நின்றவர். நானும் நான்கு வருஷம் பெங்களூருக்குப் போய்வந்தேன். அந்த ஆபீஸ் இழுத்து மூடியதும் இங்கேயே தனியாகத் தொழில் தொடங்கினேன். அதற்கப்புறம் பஸ் நிறுத்தத்தில் சீருடை இல்லாமல் கலர் சட்டை போட்டுக்கொண்டு நின்றால், யார் வீட்டு விருந்தாளி என்பது மாதிரி பார்ப்பார்கள். மூன்று வருஷமாக ஐந்து கேட்டிலும் ஐந்து நோட்டில் பெயர் எழுதி, யாரைப் பார்க்க வந்தாய் என்ற கட்டத்தை நிரப்பி, உள்ளே போய்வந்தேன். பெண் பார்க்க வந்த வீட்டில், "அப்ப வேலைன்னு ஒண்ணும் இல்ல?" என்று என் எதிரிலேயே கேட்டார்கள். அம்மா காபித் தட்டோடு உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆசை இருந்தது. ஒளிப்பானேன்? அந்தக் கோட்டைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

"சார், முனிலட்சுமியக்காவ வேலைய விட்டே எடுக்கணுமா? வேற பிரிவுக்கு மாத்தினா?"

"அறிக்கையில நடவடிக்கைன்னு ஒண்ணு காட்டணும். சாஃப்ட்வேர் தப்புன்னு போனா, மத்த பார்ட் எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. எண்பது குடும்பம், பூங்கொடி. அந்தம்மா காண்ட்ராக்ட். நாளைக்கு வேற கம்பெனியில ஏத்திக்குவாங்க. யோசிச்சுப் பாருங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கத்துகிற ஆளாக இருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. மூன்று நாளாகத் தூங்கவில்லை போல. பேனாவை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, கோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இதை இன்றைக்கு எழுதும்போதும் காது சுடுகிறது.

பேக்கிங் கூடத்துக்குப் போகாமல் பன்னிரண்டரை வரை ஸ்டோர்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியாட்களுக்கு கேன்டீனில் சாப்பாடு கிடையாது. வந்த புதிதில் நான் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்ததை ஒரு நாள் முனிலட்சுமி பார்த்துவிட்டார். "அங்க என்னா திருட்டுத் தீனி? வா இங்க," என்று கையைப் பிடித்து இழுத்துப் போய், பெட்டிகளுக்கு நடுவில் உட்காரவைத்து, ராகிக் களியும் அவரைக்கொட்டைச் சாறும் போட்டார். களியை மென்று தின்றதற்குப் பதினோரு பெண்களும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முழுங்க வேண்டுமாம். அன்றிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போகிற நாளெல்லாம் எனக்கு அங்கேதான் சாப்பாடு. இன்றைக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

போனேன். கூடத்தில் வழக்கமான சத்தம் இல்லை. ஒரு பக்கம், திருப்பி அனுப்பிய பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முனிலட்சுமி கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊர்க்காரர். நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். ஐந்தாவது வரை படித்தவர். பதினோரு பேரில் கம்ப்யூட்டரைத் தொடத் துணிந்தது அவர் மட்டும்தான். சாப்பாட்டுத் தூக்கை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னா பொய்?"

"யாரும் சொல்லலன்னு."

அவர் சாந்தம்மாவைப் பார்த்தார். சாந்தம்மா மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கை கழுவுகிற பக்கம் போனாள். ஆக, எல்லோருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும் என்று நான் நினைத்தது பதினோரு பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"நீ சொன்னேன்னு நான் சொன்னா நம்புவாங்களா? கம்ப்யூட்டர் காயிதத்துல எம்பேருதான் கெடக்குதாமே. அப்பறம் உனக்கு இங்க எடம் கெடைக்குதுன்னு பேசிக்கறாங்களே, அதுவும் போவும், எனக்கும் போவும். ரெண்டு பேரு போறதுக்கு ஒருத்தி போனா போவுது." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "எனக்கு என்னா, நாளைக்கு வேற கம்பெனி கேட்டு. ஆறு வருசத்துல இது மூணாவது கேட்டு."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா."

சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் என் மடியில் இருந்த நீலக் கோட்டையே பார்த்தார். அவர் முகம் வாடியது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நான் பார்த்துவிட்டேன், என்னதான் தைரியமாகப் பேசினாலும், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அந்த அம்மா ஒரு ஓரத்தில் நம்பியிருக்கிறார்.

"போட்டா போட்ட. சாப்புடு," என்றார். அப்புறம் எழுந்து விளக்குப் பக்கம் போய்விட்டார்.

நான் சாப்பிடவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை யார் மேல் கோபப்படுவது என்று தேடவேண்டிய அவசியம் இல்லை. லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு மணிக்கு மின்வெட்டு. பேட்டரியில் இரண்டு மணி நேரம் ஓடும். மூன்று வருஷத்துக்கு முன் நானே எழுதிய அந்தப் பகுதியைத் தேடிப் பிடித்தேன். பார்க்கப் பார்க்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியாக ஒட்டிய நம்பர் என்ன என்று அது சரிபார்க்கவே இல்லை. கேட்ட உடனே ஒன்று. ஒரு சின்னப் பையன்கூட இப்படி எழுத மாட்டான்.

மாற்றி எழுதினேன். திறக்கும்போதெல்லாம் கடைசி நம்பரைப் பார்த்து அதற்கு அடுத்ததைப் போட வேண்டும். ஒரு தேதியில் ஒரே நம்பர் இரண்டு தடவை அச்சாகக் கூடாது. புதுத் தொடர் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஸ்ரீராம் சாரின் ரகசிய எண் இருந்தால்தான். கரண்ட் போய் வந்தபின் யார் எண்டர் தட்டினாலும் பழைய தொடர்தான் ஓட வேண்டும். இரண்டு தடவை பிழை காட்டியது. அவசரத்தில் ஒரு எழுத்தை மாற்றித் தட்டியிருந்தேன். இரண்டு முப்பதுக்குக் கரண்ட் வந்தது. இரண்டு நாற்பதுக்குப் பேக்கிங் கம்ப்யூட்டரில் புதியதை ஏற்றினேன். முழுசாகச் சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கமலக்கண்ணன் உட்காரவே இல்லை. ஒல்லியான மனிதர், சேலம் பக்கம். நின்றுகொண்டே அறிக்கையைப் படித்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் ஸ்ரீராம் சார், நான். கதவோரம் முனிலட்சுமியை நிற்கவைத்திருந்தார்கள், காட்டுவதற்கு.

"இந்தம்மாவா?" என்றார்.

"ஆமா சார். இன்னைக்கே ரிலீவ் பண்றோம்," என்றார் ஸ்ரீராம் சார்.

"கம்ப்யூட்டர் ட்ரெயினிங் குடுத்தீங்களா இவங்களுக்கு?"

ஸ்ரீராம் சார் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"நான்தான் சார் குடுத்தேன்," என்றேன். "எது கேட்டாலும் எண்டர் தட்டுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். அன்னைக்கு இவங்க தட்டல. போன் பண்ணிக் கேட்டாங்க. கேட்டத திரும்பக் கேக்குதுன்னு சொன்னாங்க. நான்தான் தட்டச் சொன்னேன். கேள்விய அப்படி எழுதினதும் நான்தான். அந்தத் தாள்ல இருக்கிறது பொய். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ஸ்ரீராம் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "பூங்கொடி!"

"வத்தம்மா, வத்தம்மா," என்று கதவோரத்திலிருந்து முனிலட்சுமி தெலுங்கில் என்னைத் தடுத்தார். பயத்தில் அவருக்குத் தமிழ் வரவில்லை.

கமலக்கண்ணன் பேனாவை மூடினார். "அப்ப மெதட் தப்பு. ஆள் தப்பு இல்ல. அப்படின்னா, ஸ்ரீராம், இந்த சாஃப்ட்வேர்ல லேபிள் ஒட்டின எந்தப் பெட்டியையும் நான் எடுக்க முடியாது. மத்த பார்ட்டும்தான். தெரியுமில்ல?"

எண்பது குடும்பம். ஸ்ரீராம் சார் சொன்னபோது அது ஒரு சாக்கு மாதிரி இருந்தது. இப்போது அது என் தலையில் வந்து உட்கார்ந்தது.

"மாத்திட்டேன் சார். வந்து பாருங்க," என்றேன்.

"எப்ப மாத்தினீங்க?"

"இப்பதான். இருபது நிமிஷத்துக்கு முன்னால."

அவர் சிரிக்கவில்லை. கூடத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். மற்றப் பத்துப் பெண்களும் விளக்குகளை விட்டு எழுந்து நின்றார்கள்.

"அந்தம்மாவே ஓட்டட்டும். நீங்க கிட்ட வராதீங்க," என்று என்னை இரண்டடி தள்ளி நிறுத்தினார்.

முனிலட்சுமி உட்கார்ந்தார். மூன்று லேபிள் அச்சடித்தார். 1306, 1307, 1308. நான்காவது வெளியே வந்துகொண்டிருக்கும்போது கமலக்கண்ணன் குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைச் சட்டென்று பிடுங்கினார். திரை கறுத்தது. லேபிள் பாதியில் நின்றது. ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு மறுபடி செருகினார்.

கம்ப்யூட்டர் நேராகத் திறக்கவில்லை. நீலத் திரை வந்து, ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று கணக்குப் போட ஆரம்பித்தது. இரண்டு சதவீதம். ஐந்து. பதினொன்று. பழைய மெஷின், அடாவடியாக அணைத்தால் அது இப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே என் பதிவு உடைந்திருந்தால் கடைசி நம்பர் போயே போய்விடும். அதை நான் சோதிக்கவில்லை. நாற்பது சதவீதத்தில் வெகுநேரம் நின்றது. யாரோ இருமினார்கள். ஸ்ரீராம் சார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அறுபது. எண்பத்தேழு. அந்த நம்பரில் போய் நின்றுவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். நூறு.

புரோகிராம் திறந்தது. ஒரு கேள்வி வந்தது. முனிலட்சுமியின் விரல் எண்டருக்கு மேலே போய் நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். கமலக்கண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று மறைத்தார்.

"படிங்கம்மா, என்ன கேக்குது?"

அவர் எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். "கடைசி நம்பர் ஆயிரத்து முந்நூத்தி ஒம்போது. பாதியில நின்னுது. அதையே திரும்ப அடிக்கவா, ஆயிரத்து முந்நூத்திப் பத்து போடவா?"

"நீங்க என்ன செய்வீங்க?"

"பாதி லேபிளக் கிழிச்சிப்போட்டு அதையே திரும்ப அடிப்பன்," என்றார் முனிலட்சுமி. "ஒட்டாத நம்பரு போச்சின்னா நீங்க பொட்டி காணோம்னு கேப்பீங்களே."

கமலக்கண்ணன் முதல் தடவையாக அவரை முகத்துக்கு நேராகப் பார்த்தார். அப்புறம் இன்னும் இரண்டு தடவை பிளக்கைப் பிடுங்கினார். ஒரு தடவை அவரே உட்கார்ந்து, புதுத் தொடர் தொடங்கப் பார்த்தார். ரகசிய எண் கேட்டு நின்றது. இரண்டு மணி நேரம் போலத் தோன்றிய அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, பழைய அறிக்கையை நாலாகக் கிழித்து ஸ்ரீராம் சார் கையில் கொடுத்தார். புதிய தாளில் தானே எழுதினார். மூல காரணம், சாஃப்ட்வேர். எழுதியவர், பூங்கொடி. நடவடிக்கை, திருத்தப்பட்டது, சோதிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டார்.

"இந்த 424 பெட்டியும் இன்னைக்கே முடிஞ்சா நாளைக்குக் காலையில வண்டி அனுப்புங்க. ஒவ்வொரு பெட்டியும் யார் பாத்தாங்கன்னு பேர் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் கேட்டைத் தாண்டும்வரை ஸ்ரீராம் சார் வாசலில் நின்றார். பிறகு கையை நீட்டினார். நான் கோட்டையும் அட்டையையும் கொடுத்தேன்.

"காரணம்னு உங்க பேர் எழுதின தாள் அங்க போயிருக்கு. அதே பேர நான் எங்க சம்பள ரோல்ல காட்ட முடியாது. வெளியிலேர்ந்து பாக்குறதுகூட, முதலாளி என்ன சொல்றாரோ தெரியல." குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "காலையிலயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் சார்," என்றேன்.

லேப்டாப் பையை எடுக்கக் கூடத்துக்குப் போனேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போகிறவரை அடக்கிவிடலாம் என்று நினைத்தேன். முனிலட்சுமி விளக்குக்கு அடியில் இருந்து தலையைத் தூக்கினார்.

"எங்க போற?"

"வீட்டுக்குத்தான்க்கா."

"இன்னும் நாப்பது பொட்டி கெடக்குது. அஞ்சரைக்கு பஸ்ஸு. உம்பாட்டுக்குப் போறேங்கற? வந்து ஒக்காரு."

உட்கார்ந்தேன். சாந்தம்மா நகர்ந்து இடம் விட்டாள். பிராக்கெட்டை எப்படிப் பிடிக்க வேண்டும், வெல்டிங்கின் ஓரத்தை எந்தச் சாய்வில் பார்த்தால் விரிசல் தெரியும் என்று முனிலட்சுமி காட்டினார். மத்தியானம் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது பெட்டியில் ஒரு விரிசலை நானே கண்டுபிடித்தேன். "பாத்தியா, கண்ணு இருக்குது இவளுக்கு," என்றார் யாரோ.

ஸ்ரீராம் சார் பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தார், பெயர் எழுத. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"பூங்கொடி, நீங்க வேண்டாம். பாத்தவங்க பேர் இதுல போகணும். வெளியாள் பேர் இருந்தா அங்க கேள்வி வரும்."

நான் எழுந்தேன். முனிலட்சுமி என் தோளில் கை வைத்து அழுத்தினார். பிராக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"வெளியாளுன்னு யாரச் சொல்றீங்க சார்?"

"அவங்க ரோல்ல இல்லம்மா."

"நானும்தான் உங்க ரோல்ல இல்ல. காண்ட்ராக்ட்டு. சாந்தம்மா காண்ட்ராக்ட்டு. பதினோரு பேருல ஒம்போது பேரு காண்ட்ராக்ட்டு. எங்க பேரெல்லாம் மட்டும் அந்தத் தாள்ல வருதே, அது எப்படி சார்?"

கூடத்தில் பிராக்கெட்டுகளை வைக்கிற சத்தம் நின்றுவிட்டது. ஸ்ரீராம் சார் அந்தப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அட்டையை முனிலட்சுமியிடம் கொடுத்தார்.

"நீங்களே எழுதிக்கங்க," என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

முனிலட்சுமி பேனாவை வாங்கிக்கொண்டு, பதினோரு பெயர்களையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பன்னிரண்டாவதாக என் பெயர். பெயருக்கு எதிரே பிரிவு என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்களுக்கு எழுதியது போலவே அதிலும் பேக்கிங் என்று எழுதினார். எனக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்துவிட்டது. பதினோரு பேர் பார்க்க மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமாக இருந்தது.

"பாத்துக்கினே ஒக்காந்திராத," என்றார் முனிலட்சுமி. "அடுத்த பொட்டியத் தொற."